மூக்கு மீட்டருக்கு எடைக்கல்லாக இருந்தவர்

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் பட்டாசுத் தொழிலாளர் சங்கச் செயலாளர் திரு. கதிரவன் அவர்களே, மேடையில் என்னோடு அமர்ந்திருக்கும் எங்கள் நலவாழ்வு நிலையத்தின் தலைமைச் செவிலியர் திருமதி பாண்டிலட்சுமி அவர்களே, முன்வரிசையில் இருக்கும் பால்பாண்டி அவர்களின் துணைவியார் வள்ளித்தாய் அவர்களே, மகள் ரோஜா அவர்களே, அரைநாள் வேலையை விட்டுவிட்டுச் சிவகாசியிலிருந்தும் சாத்தூரிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் வந்து இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் தொழிலாளர்களே, உங்கள் எல்லாருக்கும் என் வணக்கம்.

எனக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரில் ‘மாமலை சாய்ந்தது’ என்று எழுதியிருக்கிறார்கள். அன்பினால் எழுதியது, குறை சொல்லவில்லை. ஆனால் பால்பாண்டி இதைப் படித்திருந்தால் மலை எத்தனை அடி என்று கேட்டிருப்பார். வயது ஐம்பத்தெட்டு என்றும் போட்டிருக்கிறார்கள். அவருக்கு ஐம்பத்தேழு வயதும் நான்கு மாதமும். அவர் இருந்திருந்தால் ஏணி கேட்டு ஏறித் திருத்திவிட்டுத்தான் கீழே உட்கார்ந்திருப்பார்.

நான் காது மூக்கு தொண்டை மருத்துவர். பதினான்கு ஆண்டுகள் அவருக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவள். எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரைத் தெய்வம் என்றார்கள், மகான் என்றார்கள். நான் நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டு இறங்கப் போகிறேன். அதில் அவருடைய பிழை ஒன்று உண்டு. என்னுடைய பிழையும் உண்டு. இரங்கல் கூட்டத்தில் பிழையைப் பேசலாமா? பால்பாண்டியைப் பற்றிப் பேசும்போது பிழையை மறைத்தால்தான் அவருக்கு மரியாதைக் குறைவு என்று நினைக்கிறேன்.

நம் நிலையத்தில் மூக்கைக் காட்ட வந்தவர்கள் எல்லாருக்கும் அந்தக் கருவி தெரியும். ஒரு சாண் நீளத்தில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழல். ஒரு முனையில் மூக்கையும் வாயையும் மூடும் முகமூடி. வாயை இறுக்கிக்கொண்டு மூக்கால் ஒரே மூச்சில் வெடுக்கென்று இழுத்தால் குழலுக்குள் ஒரு சிவப்பு முள் நகரும். அது நிற்கும் இடத்தில் இருக்கும் எண்தான் உங்கள் மூக்கின் அளவு, நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் காற்று என்று. புத்தகத்தில் அதற்கு நீளமான பெயர் உண்டு. நம் வட்டாரத்தில் அது மூக்கு மீட்டர். அதைக் கையில் வைத்திருந்ததால் அவர் ‘மூக்கு பால்பாண்டி’. அந்தப் பட்டப்பெயரில் அவருக்குக் கோபம் இருந்ததில்லை. கல்யாணப் பத்திரிகைகளில்கூட அப்படிப் போட்டு அழைத்திருக்கிறார்கள்.

எங்களிடம் வருவதற்கு முன்பு அவர் விருதுநகர் பஜாரில் தராசு பழுது பார்த்தவர். மிளகாயும் பருப்பும் எண்ணெயும் கைமாறும் ஊரில் தராசுக்காரருக்கு வேலைப் பஞ்சம் கிடையாது. எலக்ட்ரானிக் தராசு வந்ததும் அலட்டிக்கொள்ளாமல் கடையை மூடிவிட்டு, கருவி பழுதுபார்ப்பவர் தேவை என்ற எங்கள் விளம்பரத்தைப் பார்த்து வந்தார். நேர்காணலில் நான் இந்த மீட்டரை அவர் கையில் கொடுத்தேன். புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இதுக்கு எடைக்கல்லு எங்க டாக்டரம்மா?”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். தராசு சரியாக இருக்கிறதா என்று பார்க்க முத்திரை குத்திய எடைக்கல்லை வைத்துப் பார்ப்போம். இந்த மீட்டர் சரியாக இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பீர்கள்? கம்பெனியில் சரிபார்த்துத்தான் அனுப்புவார்கள் என்றேன். அவர் சிரித்தார்.

“தராசையுந்தான் கம்பெனியில செய்யுதாக. வாங்குன மறுநா, கடையில அது என்ன எடை காட்டுதுன்னு யாரு பாக்கது? எடைக்கல்லே தேயும் டாக்டரம்மா. அதனாலதான் ரெண்டு வருசத்துக்கு ஒருக்க எங்கய்யா அம்புட்டுக் கல்லையும் சாக்குல கட்டி முத்திரைக்குக் கொண்டுபோவாக.”

எடைக்கல்லே தேயும். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பதினான்கு ஆண்டுகளுக்கு முன்பு அவர் சொன்னது. அவருக்கு வேலை கொடுத்த எனக்கு, அதை நினைவில் வைத்துக்கொள்ளத் தெரியவில்லை.

அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். புரட்டாசி மாதம், தீபாவளி ஆர்டருக்கு ராப்பகலாக வேலை நடக்கும் சீசன். ஒரு பட்டாசுத் தொழிற்சாலையில் வெடிமருந்துக் கலவை அறையில் வேலை பார்க்கும் அறுபத்திரண்டு பேருக்கு மூக்குச் சோதனை செய்யச் சொன்னார்கள். எண்பதுக்குக் கீழே காட்டுகிறவர்களை நிறுத்திவிடுவது என்று நிர்வாகம் முடிவு செய்திருந்தது. மூக்கடைப்பு இருக்கிறவர் வாயால் மூச்சு வாங்குவார், மருந்துத் தூள் நெஞ்சுக்குள் போகும் என்பது காரணம். காரணத்தில் தப்பில்லை. ஆனால் சீசனில் நிறுத்தினால் அந்தக் குடும்பங்களுக்குத் தீபாவளி ஏது?

சாப்பாட்டுக்கு முன்னால் முப்பத்தொரு பேரைப் பார்த்தோம். இரண்டு பேருக்குக் குறைவு. சாப்பாட்டுக்குப் பின்னால் முப்பத்தொரு பேர். பத்தொன்பது பேருக்குக் குறைவு. நான் பட்டியலை எழுதி முடித்துக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டேன்.

“கையெழுத்துப் போடாதீக டாக்டரம்மா” என்றார் பால்பாண்டி.

ஏன் என்றேன். அவர் மீட்டரைத் தன் முகத்தில் வைத்து இழுத்தார். நூற்றுப்பத்து. மறுபடி இழுத்தார். நூற்றுப்பத்து. “காலையில இதே மூக்கு, இதே மீட்டர், நூத்தி அம்பது காட்டுச்சு” என்றார். காலையில் யாரும் வருவதற்கு முன்பு தன் மூக்கை வைத்து அளந்து, சட்டைப்பையில் இருந்த சின்ன நோட்டில் எழுதி வைத்திருந்தார். மீட்டருக்கு எடைக்கல் இல்லையே என்று இரண்டு வருடம் யோசித்தவர், தன் மூக்கையே எடைக்கல் ஆக்கிக்கொண்டார்.

பிறகு மீட்டரைக் கழற்றி வெள்ளைத் துணியில் தட்டிக் காட்டினார். துணியில் வெள்ளி நிறத்தில் தூள். மருந்து அறையிலிருந்து நேராக வந்தவர்கள் முகத்தில் இருந்த அலுமினியப் பொடி ஒவ்வொருவராக முகமூடிக்குள் உதிர்ந்து, குழலுக்குள் போய், சிவப்பு முள் நகரும் தடத்தில் படிந்திருந்தது. முள் நகரத் திணறியது. மூக்கில் ஒரு குறையும் இல்லாதவர்கள் வரிசையில் பின்னால் நின்ற ஒரே காரணத்துக்காக வேலை இழக்க இருந்தார்கள்.

அதோடு விட்டாரா? இல்லை. குறைவாகக் காட்டிய இருபத்தொரு பேரையும் மறுநாள் முகம் கழுவிவிட்டு வரச் சொன்னார். சுத்தம் செய்த மீட்டரிலும் சிலருக்கு எண் ஏறவில்லை. அவர்கள் இழுப்பதை உட்கார்ந்து பார்த்தார். அப்போதுதான் இன்னொன்று பிடிபட்டது. மருந்து அறைக்குள் வெடுக்கென்று மூச்சு இழுக்கக்கூடாது என்று முதல்நாளே சொல்லித்தான் உள்ளே விடுவார்கள். பத்து வருடம், பதினைந்து வருடம் அப்படியே பழகியவர்கள். வெள்ளைக்கோட்டுப் போட்ட நான் இழுங்கள் என்று சொன்னவுடன் அவர்கள் மூக்கு மாறிவிடுமா? மெதுவாக, மரியாதையாக இழுத்தார்கள்.

வரிசையில் முதலில் நின்றவர் செல்லப்பாண்டி. இதோ நான்காவது வரிசையில் இருக்கிறார். அவரிடம் பால்பாண்டி கேட்டார், “ஒங்க அய்யா மூக்குப்பொடி போடுவாகளா?”

“போடுவாகளே. ஒரு நாளைக்கு ஒரு மட்டை பொடி.”

“அவுக எப்படி இழுப்பாகளோ அப்படி இழுங்க. இங்கன மருந்து ஒண்ணும் கெடையாது. பயப்படாதீக.”

செல்லப்பாண்டி தன் அப்பாவை நினைத்துக்கொண்டு இழுத்தார். நூற்று நாற்பது. முதல்நாள் அவருக்கு நான் எழுதியிருந்த எண் எழுபது. இருபத்தொரு பேரில் பதினேழு பேர் தேறினார்கள். நான்கு பேருக்கு உண்மையிலேயே மூக்குக்குள் சதை வளர்ந்திருந்தது, சிகிச்சைக்கு அனுப்பினோம். பதினேழு வீட்டுத் தீபாவளி ஒரு வெள்ளைத் துணியால் மிஞ்சியது.

அன்றிலிருந்து எங்கள் நிலையத்தில் சில பழக்கங்கள் வந்தன. ஒருவருக்கு மூன்று முறை இழுக்கச் சொல்வது. மூன்று எண்ணுக்குள் பத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் திரும்ப இழுக்கச் சொல்வது. மீசைக்காரருக்கு முகமூடி ஓரத்தில் காற்றுக் கசிகிறதா என்று கையை வைத்துப் பார்ப்பது. பெரிய மூக்குத்தி போட்டவர்களுக்கு அதைக் கழற்றச் சொல்ல முடியாது, அதனால் அகலமான முகமூடி வாங்கியது. பத்துப் பேருக்கு ஒருமுறை மீட்டரைக் கழுவுவது. எல்லாவற்றுக்கும் மேலாக, தினமும் காலை ஒன்பதரைக்கும் மாலை நாலரைக்கும் பால்பாண்டி தன் மூக்கை அளப்பது. பன்னிரண்டு ஆண்டுகள். ஏழு நோட்டுகள். சளி பிடித்த நாளில் ‘சளி. இன்று கல் செல்லாது’ என்று எழுதிவிடுவார். மற்ற நாளெல்லாம் நூற்றைம்பது. ஐந்து கூடும், ஐந்து குறையும், அவ்வளவுதான். பெரிய மருத்துவமனைகளிலிருந்து வந்து அந்த நோட்டைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு.

இனி நான் சொல்லப்போவது அவ்வளவு சுகமான பகுதி இல்லை.

சென்ற ஆண்டு தை மாதம் நோட்டில் நூற்று நாற்பத்தைந்து. சித்திரையில் நூற்று நாற்பது. ஆடியில் நூற்று முப்பத்தைந்து. பால்பாண்டி என்ன செய்தார்? மீட்டரைக் கழுவினார். நூற்று முப்பத்தைந்து. சிவப்பு முள்ளை மாற்றினார். நூற்று முப்பத்தைந்து. சென்னைக்குக் கம்பெனிக்கு அனுப்பினார். சரியாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அவர் நம்பவில்லை. புது மீட்டர் வாங்கினோம். அதிலும் நூற்று முப்பத்தைந்து. “கம்பெனியில இருந்து வந்த இந்த லோடே சரியில்ல டாக்டரம்மா” என்றார்.

நான் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

தராசுத் தட்டு ஒரு பக்கம் தாழ்ந்தால் கடைக்காரர் என்ன செய்வார்? மறுபக்கத்தில் ஒரு சின்னக் கல்லைக் கட்டிச் சமன் செய்துகொள்வார். பால்பாண்டியும் அதைத்தான் செய்தார். மீட்டர் பதினைந்து குறைவாகக் காட்டுகிறது, ஆகவே வருகிறவர்கள் எல்லாருடைய எண்ணோடும் பதினைந்தைக் கூட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். பதிவேட்டில் சிவப்பு மையில் ‘கூட்டல் பதினைந்து’ என்று தலைப்புப் போட்டார். என்னிடம் காட்டினார். நான் கேள்வி கேட்டேனா? கேட்டேன். ஆனால் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு இதே மனிதர் இதே மாதிரி ‘மீட்டர் பொய் சொல்கிறது’ என்றபோது அவர் சொன்னது சரி, நான் எழுதியது தப்பு. அந்த நினைப்பில் கையெழுத்துப் போட்டேன். கார்த்திகையில் அவர் மூக்கு நூற்று இருபத்தைந்துக்கு வந்தது. தலைப்பைக் ‘கூட்டல் இருபத்தைந்து’ என்று மாற்றினார். அதற்கும் கையெழுத்துப் போட்டேன்.

ஐந்து மாதத்தில் நானூற்றுப் பன்னிரண்டு பேர் அந்தக் கூட்டலோடு வெளியே போனார்கள். எண்பதுக்குக் கீழே இருந்தவர்களும் எண்பதைத் தாண்டிவிட்டதாகத் தாளோடு போனார்கள்.

வள்ளித்தாய் ஒருநாள் நிலையத்துக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தபோது என்னிடம் சிரித்துக்கொண்டே சொன்னார், “குழம்பு அடிப்பிடிச்சுத் தெருவே நாறுது டாக்டரம்மா. இவுக பேசாமச் சாப்பிட்டுட்டு நல்லாருக்குங்காக. நான் என்ன சமைச்சாலும் இனிமே பாராட்டுத்தான்.” நானும் சிரித்தேன். நான் மூக்கு மருத்துவர். முப்பது வருட அனுபவம். வாசனை தெரியாத மனிதர் ஒருவரைப் பற்றி அவர் மனைவி என்னிடம் சொல்கிறார், நான் சிரிக்கிறேன்.

மார்கழியில் செல்லப்பாண்டி தன் வருடாந்திரச் சோதனைக்கு வந்தார். மூன்று முறை இழுத்தார். பால்பாண்டி எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

“என்ன சார் நூத்தி அறுபத்தஞ்சு போட்டிருக்கீக? எனக்கு எப்பவும் நூத்தி நாப்பதுதான. வயசான காலத்துல மூக்கு வளருதாக்கும்?”

மீட்டர் இருபத்தைந்து குறைத்துக் காட்டுகிறது, அதைக் கூட்டியிருக்கிறோம் என்றார் பால்பாண்டி.

“அப்ப இப்ப நான் இழுத்தப்ப மீட்டருல என்ன வந்துச்சு?”

“நூத்தி நாப்பது.”

“போன வருசமும் அதே நூத்தி நாப்பதுதான சார். மீட்டரு கெட்டுப்போச்சுன்னா எனக்குமுல்ல கொறையணும்? ஒங்களுக்கு மட்டும் எப்படிக் கொறையும்?”

செல்லப்பாண்டி எட்டாம் வகுப்பு. நானும் பால்பாண்டியும் ஐந்து மாதமாக அந்த நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சென்னைக் கம்பெனியில் பொறியாளர்கள் பார்த்தார்கள். இந்தக் கேள்வியைக் கேட்க எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்றவில்லை? எனக்குத் தெரிந்த பதில் ஒன்றுதான். பால்பாண்டியின் மூக்கு மாறாது என்று நாங்கள் நம்பிவிட்டோம். அது சதையும் எலும்புமான மூக்கு என்பதே எங்களுக்கு மறந்துபோய்விட்டது.

நான் எழுந்து, “இந்த நாற்காலியில் உட்காருங்கள்” என்றேன். நோயாளி உட்காரும் நாற்காலி. பதின்மூன்று வருடத்தில் அவர் அதில் உட்கார்ந்ததில்லை. “சளியாத்தான் இருக்கும்” என்றார், ஆனாலும் உட்கார்ந்தார். விளக்குக் குழலை உள்ளே விட்டு இடது பக்கத்து மூக்கைப் பார்த்தேன். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. நான் குழலை வெளியே எடுக்கும்வரை அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“எம்புட்டு இருக்கு?” என்று கேட்டார். என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. அளவைத்தான் கேட்டார்.

சொன்னேன். சற்று நேரம் மேசைமேல் இருந்த மீட்டரைப் பார்த்தார். பிறகு சொன்னதை நான் மாற்றாமல் சொல்கிறேன். “கல்லு தேஞ்சிருக்கு டாக்டரம்மா. நான் தராசை வைதுக்கிட்டிருந்திருக்கேன்.”

மதுரையில் பரிசோதித்தார்கள். புற்றுநோய்தான். தை மாதமே வந்திருந்தால், நூற்று நாற்பத்தைந்திலேயே பார்த்திருந்தால் எவ்வளவோ செய்திருக்கலாம் என்று அங்கே இருந்த மருத்துவர் என்னிடம் சொன்னார். அவர் குற்றம் சாட்டவில்லை, பொதுவாகச் சொன்னார். அந்தத் தை மாதம் நான் எங்கே இருந்தேன்? அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஆண்டு மட்டும் தொள்ளாயிரம் மூக்குகளை விளக்கு வைத்துப் பார்த்தேன். கைநீட்டினால் தொடும் தூரத்தில் இருந்த ஒன்றைப் பார்க்கவில்லை. இதற்கு நான் வருந்துகிறேன். வள்ளித்தாய் அவர்களிடம் தனியே சொல்லிவிட்டேன். உங்கள் முன்னாலும் சொல்ல வேண்டும் என்றுதான் இந்த மேடைக்கு வந்தேன்.

அறுவைச் சிகிச்சை நடந்தது, கதிர்வீச்சு நடந்தது. வள்ளித்தாய் இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு வேண்டிக்கொண்டு நடந்தே போய்வந்தார். பால்பாண்டி பத்து மாதம் தாக்குப்பிடித்தார். அந்தப் பத்து மாதம் அவர் எதைப் பற்றிப் பேசியிருப்பார் என்று நினைக்கிறீர்கள்?

மதுரை வார்டில் நான் பார்க்கப் போன முதல்நாளே, “பதிவேட்டைக் கொண்டுவந்தீகளா?” என்று கேட்டார். கொண்டுபோகவில்லை. மறுவாரம் கொண்டுபோனேன். கையில் ஊசி குத்தியிருக்க, மறுகையால் பக்கம் பக்கமாகத் தள்ளி, நானூற்றுப் பன்னிரண்டு பேரிலும் கூட்டலைக் கழித்துப் பார்த்தார். உண்மையில் எண்பதுக்குக் கீழே இருந்து, எங்கள் கூட்டலால் மட்டுமே தேறிப்போனவர்கள் இருபத்துமூன்று பேர். பெயர், ஊர், கைபேசி எண்ணோடு தனித்தாளில் எழுதினார். “இவுகளை எல்லாம் திரும்பக் கூப்பிடணும் டாக்டரம்மா. என் கல்லை நம்பிப் போனவுக” என்றார்.

ஊருக்கு வந்ததும் கூப்பிட ஆரம்பித்தோம். செவிலியர் பாண்டிலட்சுமி வீடு வீடாகப் போனார். ஆலங்குளத்துப் பக்கம் சிமெண்ட் வேலைக்குப் போய்விட்ட ஒருவரைப் பஸ் நிலையத்தில் வைத்துப் பிடித்தார். இன்றுவரை பதினேழு பேரைத் திரும்ப அளந்துவிட்டோம். அதில் ஐந்து பேருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. ஐவரும் நன்றாக இருக்கிறார்கள். மூவர் வேலைக்கும் திரும்பிவிட்டார்கள்.

மீதி ஆறு பேர்.

பட்டியல் என் பையில் இருக்கிறது. வாசிக்க மாட்டேன். ஒருவருடைய மூக்கு அவருடைய சொந்த விஷயம். ஆனால் ஆறு பேரில் நால்வர் இந்த மண்டபத்தில் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியும். மூன்று முறை ஆள் அனுப்பினோம், வரவில்லை. ஏன் வரவில்லை என்பதும் தெரியும். எண் குறைந்தால் மருந்து அறை வேலை போய்விடும், அடுத்த சீசனுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்ற பயம். நியாயமான பயம்தான். அதனால் சங்கச் செயலாளர் கதிரவன் அவர்கள் உங்கள் கம்பெனிகளில் பேசி, சிகிச்சைக்குப் போகிறவருடைய இடத்தை வைத்திருப்பதாக எழுத்தில் வாங்கியிருக்கிறார். அந்தத் தாளும் என் பையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் யார் வேண்டுமானாலும் வாங்கிப் பார்க்கலாம்.

பால்பாண்டி அவர்களுக்குச் சிலை வைப்போம் என்று எனக்கு முன்னால் ஒருவர் சொன்னார். வையுங்கள், மூக்கின் நீளத்தை மட்டும் சரியாக அளந்து வையுங்கள். என்னால் முடிந்த உறுதி வேறு. இனி எங்கள் நிலையத்தில் ஒரு மூக்கு அல்ல, இரண்டு மூக்குகள் எடைக்கல்லாக இருக்கும். ஒன்று செவிலியர் பாண்டிலட்சுமியுடையது, மற்றது என்னுடையது. தினமும் காலை ஒன்பதரைக்கும் மாலை நாலரைக்கும் இருவரும் இழுப்போம். மாதத்தின் முதல் திங்கட்கிழமை பாண்டிலட்சுமியின் மூக்குக்குள் நான் விளக்கு வைத்துப் பார்ப்பேன். என் மூக்கைச் சாத்தூரிலிருந்து வரும் இன்னொரு மருத்துவர் பார்ப்பார். எடைக்கல்லுக்கு முத்திரை போட வேண்டியவள் நான். பன்னிரண்டு வருடம் போடவில்லை. இனிமேல் போடுவேன். எண் குறைந்தால் முதலில் மனிதரைப் பார்ப்போம், பிறகு மீட்டரைப் பார்ப்போம். சிவப்பு மையில் கூட்டல் என்று எங்கள் பதிவேட்டில் இனி ஒரு தலைப்பு இருக்காது.

ஏழாவது நோட்டை வள்ளித்தாய் என்னிடம் கொடுத்தார். அதன் கடைசிப் பக்கத்தைப் பற்றிச் சொல்லிவிட்டு முடித்துக்கொள்கிறேன். புரட்டாசி மாதக் கடைசி. நோய் திரும்பிவிட்டது, அவரால் எழுந்து உட்கார முடியவில்லை. மீட்டரை வீட்டுக்குக் கொண்டுவரச் சொன்னார். ரோஜா முதுகைத் தாங்கிப் பிடிக்க, கட்டிலில் உட்கார்ந்து மூன்று முறை இழுத்தார். நோட்டைத் தானே வாங்கி எழுதினார். எழுத்துக் கோணலாக இருக்கிறது, படிக்க முடிகிறது.

‘75, 70, 75. மூன்றும் ஒத்துவருகிறது. மீட்டர் சரி.’

அவ்வளவுதான். மற்றவர்களை அளந்த விதிப்படியே அவரும் எண்பதுக்குக் கீழே. ஒரு எண்ணைக்கூடக் கூட்டிக்கொள்ளவில்லை. இன்று காலை ஒன்பதரைக்கு, அந்த வரிக்குக் கீழே என் எண்ணை எழுதினேன், நூற்றுப் பதினைந்து. அதற்குக் கீழே பாண்டிலட்சுமியின் நூற்று இருபது.

மண்டபத்து வராந்தாவில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். அவர் கையாண்ட அதே மீட்டர் அங்கே இருக்கிறது. நான் மேடையை விட்டு இறங்கி நேராக அங்கேதான் போகிறேன். அந்த நால்வரும் முகம் கழுவிக்கொண்டு வாருங்கள், தொட்டியில் தண்ணீர் நிரப்பி வைத்திருக்கிறோம். பயப்படாமல் வெடுக்கென்று இழுங்கள். என்ன எண் வந்தாலும் அதை நம்பலாம். மீட்டர் சரி.